கை நனைக்காமல் எழுந்தேன்

நான் நூற்று நான்கு கிலோ இருந்த காலத்தில், ஒரு துக்க வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். உட்காரும்போது ஒன்றும் தெரியவில்லை. பாயில் பெண்கள் வட்டமாக இருந்தார்கள், நானும் ஓர் இடம் பார்த்து இறங்கிவிட்டேன். இறந்தவர் என் கணவருக்குப் பெரியப்பா முறை. தொண்ணூறைத் தொட்டு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனவர். அதனால் ஒருபக்கம் ஒப்பாரியும் ஒருபக்கம் ஊர்க்கதையுமாக நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு எடுக்கிற நேரம் வந்து எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை.

முழங்கால்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒரு கையை ஊன்றிப் பார்த்தேன், மண்டியிட்டுப் பார்த்தேன், சுவரைப் பிடிக்கலாம் என்றால் சுவர் தூரத்தில் இருந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மூன்று பேர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் தூக்க வந்தார்கள். ஒருத்தி முன்னால் நின்று இழுத்தாள், இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித் தூக்கினார்கள். பாதி எழுந்து, சேலை தடுக்கி, மறுபடியும் பாயிலேயே உட்கார்ந்தேன். தலைமாட்டில் இருந்த பெரியம்மா, அறுபது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவர், முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பாவம் அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே இன்னொரு பாடை கட்ட வேண்டி வந்திருக்கும். நான் புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நான் உள்ளே நுழைந்தால் பேச்சுச் சத்தம் அடங்கும். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும், வாசலில் போன் பேசிக்கொண்டிருப்பவர் கூட வைத்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவளைச் சாக்கு மூட்டையைத் தூக்குவது போல ஊரே பார்க்கத் தூக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், "இனிமே நான் இப்பிடி இருக்க மாட்டேன்" என்றேன்.

"இப்ப என்ன கொறைஞ்சு போச்சு? நீ இருந்தாத்தான் வீடு நெறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் விதைக்கடை வைத்திருக்கிறார். ஒட்டடைக் கம்பு மாதிரி ஆள். மூன்று வேளையும் மலைபோலச் சாப்பிடுவார், அது எங்கே போகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் கடவுள் மேல் எனக்கு நிரந்தரக் கோபம் உண்டு.

முதலில் எல்லோரும் செய்கிற கூத்தையெல்லாம் நானும் செய்தேன். வெந்தயத் தண்ணீர், கொள்ளுக் கஞ்சி, எலுமிச்சம்பழத்தில் தேன். எங்கள் தெருவில் ஒரு பெண் ஏதோ மாவு டப்பா விற்றாள். பாலில் கலந்து குடித்தால் பசியே எடுக்காது என்றாள். குடித்தேன். அவள் சொன்னது சரிதான், பசி எடுக்கவில்லை. பசி இல்லாததால் அவசரப்படாமல் நிதானமாக உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு கிலோ கூடியிருந்தது. டப்பாவை அவள் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன், கொஞ்சம் சத்தமாக.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். எனக்குப் பெரிதாகப் பசி எடுத்ததே கிடையாது. நான் சாப்பிட்டதில் பாதி பசிக்காகச் சாப்பிட்டதே இல்லை. சட்டியில் ஒரு கரண்டி குழம்பு மீந்தால் அதற்காக இரண்டு கை சோறு. சோறு மீந்தால் அதற்காக ஒரு கரண்டி தயிர். மகள் திருச்சியிலிருந்து வந்து பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்தால் அதுவும் எனக்கு. வீணாகப் போய்விடக் கூடாது என்று எல்லாவற்றையும் நான் உள்ளே போட்டு வைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து அரிசியின் அருமையைச் சொல்லிச் சொல்லி வளர்த்ததன் பலன் அது. நான் அதை என் இடுப்பில் சேமித்திருந்தேன்.

"இனிமே மிச்சம் சாப்பிட மாட்டேன். எதிர்வீட்டு மாட்டுக்குத்தான்" என்று அறிவித்தேன். அதில் ஆரம்பித்தது எல்லாம். அந்த மாடு சில மாதத்தில் மினுமினு என்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுவார்.

அப்புறம் டீயில் சர்க்கரையை விட்டேன். அலுவலகத்துக்குப் பதினொரு மணிக்கு டீயும் வடையும் கொண்டுவருபவர், "ஏன் மேடம், சுகரா?" என்று இரங்கல் தெரிவிக்கிற குரலில் கேட்டார். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினேன். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, அதற்குப் பிறகு இந்திரனே வந்து அமுதம் கொடுத்தாலும் நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். விடியற்காலையில் நடந்தேன். முதல் வாரம் எனக்குத் துணையாக என் கணவர் வந்தார், நடந்து இல்லை, வண்டியில். நான் ஓரமாக நடக்க, அவர் பக்கத்திலேயே முதல் கியரில் உருட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டு வருவார். மூன்றாம் நாள் ஒரு பால்காரர் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, எந்த வீட்டுலதான் சண்டையில்ல? அவருதான் இவ்வளவு தூரம் கெஞ்சிக்கிட்டு வாராருல்ல, ஏறி உக்காருங்க" என்றார். மறுநாளிலிருந்து தனியாகவே போனேன்.

ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. தீபாவளிக்கு ஏறும், ஆடியில் ஏறும், மறுபடி இறங்கும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே இருந்ததில் முப்பது கிலோவுக்கு மேல் போய்விட்டது. மாடிப்படியில் நின்று மூச்சு வாங்காமல் ஏறினேன். பேருந்தில் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். முதல் தடவை ஒரு பெண் என் பக்கத்தில் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தபோது எனக்கு அவளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாமா என்று இருந்தது. இந்த உடம்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

ஊருக்குத்தான் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இளைத்தால் அதற்கு இரண்டே காரணம் உண்டு, ஒன்று வியாதி, இல்லாவிட்டால் புருஷன் சரியில்லை. என் கணவரைப் பார்த்தால் யாருக்கும் இரண்டாவது தோன்றாது. எனவே வியாதி. அலுவலகத்தில் என் காது படவே, "பெரிய டாக்டர்ட்ட காட்டுனாங்களாம்ல" என்று பேசினார்கள். விசேஷ வீடுகளில் என் தட்டைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். "ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலர்ஜியே வந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு விசேஷம் வந்தால் அந்த ஒரு நாள் எத்தனை நாள் என்று இவர்கள் கணக்குப் பார்ப்பதே இல்லை. அதனால் நான் ஒரு குரலைப் பழகி வைத்திருந்தேன். அலுவலகத்தில் விடுப்பு மறுக்கும்போது வருகிற குரல். "வேணாம்னா விட்ருங்க." அதற்குப் பிறகு யாரும் கரண்டியோடு என் பக்கம் வர மாட்டார்கள்.

இந்தக் குரல்தான் என் மகளின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தப் பார்த்தது.

மகள் திருச்சியில் வேலை பார்க்கிறாள். அதே அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். விசாரித்தோம். மீமிசலில் அவன் அப்பா வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறார், நல்ல குடும்பம், நமக்கும் ஒத்துவருகிற இடம். பையனைப் போனில் பார்த்தேன், பேசினேன், எனக்குப் பிடித்தது. அவர்கள் பக்கத்திலிருந்து அப்பாவும் இரண்டு பெரியவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பையனின் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் வர முடியவில்லை என்று போனிலேயே பேசினார். "ஞாயித்துக்கெழமை நம்ம வீட்டுக்கு வாங்க. சும்மா வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

ஒரு டீ என்று சொன்னால் எங்கள் ஊரில் பொருள் என்ன என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இரண்டு வருஷம் விசேஷச் சாப்பாட்டுக்குப் பயந்து பயந்து என் புத்தி ஒரு பக்கமாக வளைந்துபோயிருந்தது. டீதானே என்று ஒரு டப்பாவில் எனக்கு மட்டும் சாப்பாடு கட்டிக்கொண்டேன். கொஞ்சம் சோறு, வெண்டைக்காய்ப் பொரியல், அவித்த கொண்டைக்கடலை. நான், கணவர், அவருடைய அக்கா, மூவரும் காரில் கிளம்பினோம். ஆவுடையார்கோயில் தாண்டியதும் டயர் பஞ்சர். டிரைவர் சக்கரம் மாற்றும் நேரத்தில் புளியமரத்தடியில் நின்று என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிட்டேன். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. பையனின் அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று வரவேற்றார். பெரிய உடம்பு, சிரித்த முகம், வியர்த்திருந்தது. டீ வந்தது, சர்க்கரை போட்டது, நான் தண்ணீர் போதும் என்றேன். கேசரி வந்தது, வேண்டாம் என்றேன். அதுவரைகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "எந்திரிங்க, எலை போட்டாச்சு" என்று அவர் உள்ளே கூப்பிட்டபோது பார்த்தேன், வடை பாயசத்தோடு ஒரு கல்யாணச் சாப்பாடே இறக்கி வைத்திருந்தார். கடற்கரை ஊரில் அத்தனை வகை சைவச் சமையல். மங்கல காரியம் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சம்பந்தம் பேசப் போன வீட்டில் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்தால் சம்மதம். பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்ல மாட்டோம், ஏதோ ஒரு சாக்குச் சொல்லிச் சாப்பிடாமல் வந்துவிடுவோம், அவர்கள் புரிந்துகொள்வார்கள். என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன ஓர் இடத்தில் எங்களுக்குச் சரிப்படவில்லை என்று தலைவலியைக் காரணம் சொல்லி எல்லோரையும் எழுப்பிக் கூட்டிவந்தவளே நான்தான். அவ்வளவு தெரிந்தவள்.

"எனக்கு வேணாங்க. இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றேன்.

"சாப்பிட்டீங்களா? எங்க?" என்றார் அவர்.

"வழியில. நான் கையோட கொண்டுவந்திருந்தேன்."

அந்த அம்மாள் முகத்தில் ஏதோ மாறியது. இருந்தாலும் விடாமல் என் கையைப் பிடித்து, "ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, வாங்க" என்றார்.

அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாயிலிருந்து அலுவலகக் குரல் தானாக வந்தது. "வேணாம்னா விட்ருங்க."

என் கணவர் ஏற்கெனவே இலையில் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்து, முதல் உருண்டையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தார். நாத்தனார் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் அந்த உருண்டையை அப்படியே இலையில் இறக்கிவைத்துவிட்டு, வடையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார். நான் மட்டும் சாப்பிடாமல் இருப்பது நன்றாக இருக்காது என்று எழுகிறார்கள், எவ்வளவு பண்பு என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு அறிவோடு ஓர் அலுவலகத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

கார் அறந்தாங்கியைத் தாண்டியது. அதற்கப்புறம் நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "புடிக்கலைன்னா மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. அம்புட்டுத் தூரம் போயிக் கை நனைக்காம வந்துட்டமே" என்றார்.

"யாருக்குப் பிடிக்கல மதினி?"

"ஒனக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அதற்குள் செய்தி மீமிசலிலிருந்து திருச்சிக்குப் போய்விட்டது. "அவங்க அம்மா அழுதுக்கிட்டு இருக்காங்களாம். ஒனக்குப் புடிக்கலைன்னு முடிவு பண்ணிட்டாங்க. வேற எடம் பாக்கலாம்னு பேசிட்டாங்கம்மா" என்றாள். நான் என் சாப்பாட்டு முறையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். மூன்று வாக்கியம் கூடச் சொல்லியிருக்க மாட்டேன். "ஒரு வாய் சாப்பிட்டா செத்தா போயிருவ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் அப்படி என்னிடம் பேசியதே இல்லை. ஒரே பிள்ளை. சின்ன வயதில் என் பெரிய வயிற்றின் மேல் தலை வைத்துத்தான் தூங்குவாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை நான் ஏழு மணிக்கு முன்னாலும் சாப்பிடவில்லை, பின்னாலும் சாப்பிடவில்லை.

சரிசெய்கிறேன் பேர்வழி என்று என் கணவர் மறுநாள் பையனின் அப்பாவுக்குப் போன் போட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அவ ரெண்டு வருசமா இப்பிடித்தான். எங்க போனாலும் எதையும் சாப்பிட முடியாது" என்றார். சொல்லவே சொல்லாதே, சாப்பிட முடியாது என்று சொல்லாதே, சாப்பிட மாட்டாள் என்று சொல் என்று நான் பக்கத்தில் நின்று கையை ஆட்டுவதற்குள், அந்தப் பக்கம் குரல் இறங்கிவிட்டது. "அடடா. எத்தன நாளா இருக்குங்க? எங்க வைத்தியம் பாக்குறீங்க?" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் கதை முற்றிவிட்டது. பெண்ணின் அம்மாவுக்குத் தீராத வியாதி, மறைத்து வைத்துச் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள், நாளைக்கு மகளுக்கும் வராது என்று என்ன நிச்சயம்? அந்தக் கதை எங்கள் ஊருக்கும் திரும்பி வந்தது. ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். என்னைக் கீழே இறங்கி வந்து படுக்கச் சொன்னார்கள். படுத்தால்தான் அவர்களுக்குப் பார்த்த மாதிரி இருக்கும் போல.

நாத்தனாருக்கு ஒரு யோசனை இருந்தது. "நல்லாச் சாப்பிட்டுப் பழைய மாதிரி ஆயிரு. பாக்குறவங்க வாயி மூடிரும். கல்யாணத்த முடிச்சுட்டு மறுபடி கொறைச்சுக்க, யாரு வேணாங்கிறா?" வீட்டை இடித்துவிட்டு மறுபடி கட்டிக்கொள் என்பது போலச் சொன்னார். ஆனால் உண்மையைச் சொன்னால், நான் அதை ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு வண்டிக்கடையில் நின்று முட்டை மாஸ் ஒரு தட்டு வாங்கினேன். புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் அதைத் தொடாமல் இருந்திருக்கிறேன். அவித்த முட்டையைக் கொத்தி, மசாலாவில் புரட்டி, மேலே வெங்காயம் தூவிக் கொடுத்தார். தேவாமிர்தமாக இருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன், காரம் என்று கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். இந்தக் கணக்கில் முப்பது கிலோ ஏற்ற எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிப் பிள்ளைக்கு மொட்டையும் போட்டிருப்பார்கள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறினேன். அறந்தாங்கியில் மாறி மீமிசலில் இறங்கியபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டு போனேன். இன்றைக்கு அந்த வீட்டில் என்ன வைத்தாலும் சாப்பிடுவது, எத்தனை தடவை வைத்தாலும் சாப்பிடுவது, வேண்டாம் என்ற சொல்லே வாயிலிருந்து வரக்கூடாது. மகளுக்கு அந்தப் பையன் கிடைக்காமல் போனால் இந்த எழுபத்து மூன்று கிலோவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பையனின் அம்மா வீட்டில் தனியாக இருந்தார். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் வாங்க என்று சொல்ல மறந்து நின்றுவிட்டார்.

"பசிக்குதுங்க. சோறு இருக்கா?" என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒங்களுக்குத்தான் ஒடம்பு முடியலையாமே" என்றார்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்ல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வழிவிட்டார். "எலை இல்ல. தட்டுலதான். நேத்து வச்ச மீன் கொழம்புதான் இருக்கு" என்றார், வேண்டும் என்றே கொஞ்சம் விறைப்பாக. நேற்று வைத்த மீன் குழம்பை வேண்டாம் என்று சொல்கிறவள் இந்த மாவட்டத்தில் பிறந்திருக்கவே முடியாது. அடுப்படியிலேயே ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார், இரண்டு துண்டு சங்கரா மீன் விழுந்தது. நான் பிசைந்து வாயில் வைத்தேன். முதல் வாயை நான் விழுங்கும்வரை அவர் கண் எடுக்கவில்லை.

விழுங்கியதும் கேட்டார். "அன்னிக்கு ஏன் அப்பிடிச் செஞ்சீங்க? விடியிறதுக்கு முந்தி எந்திரிச்சு, நிக்க முடியாம நாற்காலி போட்டு உக்காந்து சமைச்சேன். நீங்க எலையத் திரும்பிக்கூடப் பாக்கல. நான் இருக்குற இருப்பப் பாத்துட்டு, இவ கையால சாப்பிட்டா நாமளும் இப்பிடி ஆயிருவோம்னு நெனச்சுட்டீங்கன்னு நெனச்சேன்."

சம்பந்தம் முறிந்ததற்காக அழுதார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அழுதது வேறு எதற்கோ. ஒல்லியான ஒருத்தி வந்து தன்னைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனாள் என்று அழுதிருக்கிறார். அந்த அழுகையை எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ விசேஷ வீடுகளிலிருந்து வந்து நானே அழுதிருக்கிறேன். வாயால் சொல்லி எதுவும் ஆகாது என்று தோன்றியது. இடது கையால் போனை எடுத்து, பழைய படம் ஒன்றைத் தேடிக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யாரு, ஒங்க அக்காவா?"

"நான்தான்."

"சும்மா சொல்லாதீங்க."

"பக்கத்துல என் வீட்டுக்காரரு நிக்கிறாரு, பாருங்க."

"எங்க? ஆள் யாரும் தெரியலையே" என்று படத்தைப் பெரிதாக்கித் தேடினார். என் தோளுக்குப் பின்னால் ஒரு காதும் பாதி மீசையும் தெரிந்தன. அதைக் கண்டுபிடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார், நானும் கையில் சோற்றோடு சிரித்தேன். பிறகு அவர் மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்குப் புரியுதுங்க" என்றார்.

அதற்கப்புறம் அவர் கை அடங்கவில்லை. இரண்டாவது தடவை சோறு விழுந்தது, சாப்பிட்டேன். இன்னொரு துண்டு மீன் விழுந்தது, அதையும் சாப்பிட்டேன். வயிறு முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவோ நாளாக அந்த அளவுக்குச் சாப்பிட்டுப் பழக்கமில்லை, மூச்சு விடவே சிரமமாக இருந்தது. ஆனால் முடிவு முடிவுதான். மூன்றாவது தடவைக்கு அவர் கரண்டி நிறையச் சோற்றை அள்ளிக்கொண்டு, மறு கையால் என் மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏத்தா, நான்தான் பேசுறேன். ஒங்க அம்மா இங்க வந்துருக்காங்க. வாய் தொறந்து சோறு கேட்டு, கை நனைச்சுட்டாங்க. இனி நீ எங்க வீட்டுப் புள்ள."

அந்தப் பக்கம் அலுவலக இரைச்சல் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் தட்டு மங்கலாகத் தெரிந்தது.

"அத்தை" என்றாள். அவரை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அத்தை, அம்மாவுக்கு மறுசோறு வைக்காதீங்க. இன்னிக்கு நீங்க எவ்வளவு வச்சாலும் அது எனக்காகச் சாப்பிட்டுரும். ரொம்பக் கஷ்டப்பட்டுக் கொறைச்சுச்சு அத்தை."

பையனின் அம்மா என்னைப் பார்த்தார். என் தட்டுக்கு மேலே நின்றிருந்த கரண்டியைப் பார்த்தார். அந்தச் சோற்றைத் திரும்பப் பானையிலேயே போட்டு மூடிவிட்டு, "கை கழுவிக்கங்க சம்பந்தி" என்றார்.